ஏழு தாவல்: டவர் அடங்கிய ஊரில் போனுக்குப் போன் செய்தி கடத்துவது

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையேறியது. மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. கரண்ட் போனதும் செல்போன் கோபுரங்கள் பேட்டரியில் ஓடின, பிறகு டீசலில் ஓடின, பிறகு அடங்கின. வெளியூரில் இருந்த பிள்ளைகள் டெல்டா கிராமங்களுக்கு நாள்கணக்கில் போன் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் பல பகுதிகளுக்கு இதே கதிதான்.

கோபுரம் போனாலும், சார்ஜ் இருக்கும்வரை போனின் புளூடூத்தும் வைஃபையும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். அந்த இரண்டு ரேடியோக்களுக்கும் கம்பெனி தேவையில்லை, சிம் தேவையில்லை. பக்கத்தில் இருக்கும் போனோடு நேராகப் பேசும். அந்தப் போன் அடுத்ததற்கும், அடுத்தது அதற்கடுத்ததற்கும் கடத்தினால் ஒரு வலை உருவாகிறது. இதைத்தான் மெஷ் என்கிறார்கள். ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குச் செய்தி போவதை இந்த அத்தியாயத்தில் ஒரு தாவல் என்று எண்ணுவோம்.

இதைக் கொண்டு என்ன செய்ய முடியும், என்ன முடியாது என்பதை மதுரைக்கு மேற்கே சமணர் மலை அடிவாரத்தில் இருக்கும் கீழக்குயில்குடியை வைத்துப் பார்க்கலாம். மலை, குளம், கோயில், நெருக்கமான தெரு, வெட்டவெளி எல்லாம் நடக்கும் தூரத்துக்குள்ளேயே இருப்பதால் பயிற்சிக்கு இதைவிட நல்ல ஊர் கிடைப்பது கஷ்டம்.

முதலில் கணக்கு

இதற்கான செயலியை இறக்குவதற்கு முன் ஒரு தாள் எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆட்கள் நடமாடும் இடத்தில் போனுக்குப் போன் புளூடூத் 30 மீட்டர் எட்டும் என்று வைத்துக்கொள்வோம். இந்த வகைச் செயலிகளில் பிட்சாட் ஒரு செய்தியை அதிகபட்சம் 7 தாவல் வரைதான் கடத்தும். ஏழு முப்பது, 210 மீட்டர். கீழக்குயில்குடியிலிருந்து மதுரைக்குப் பத்து கிலோமீட்டர் என்றால் 30 மீட்டருக்கு ஒன்றாக முந்நூற்றுக்கும் மேற்பட்ட போன்களை ரோட்டோரமாக நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்தினாலும் எட்டாவது போனிலேயே செய்தி நின்றுவிடும். இதை வைத்து மதுரைக்குப் பேசலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஊருக்குள் பேசலாம். அதுவே பெரிய காரியம்.

ஊருக்குள் பேசவும் எத்தனை போன் வேண்டும்? அங்கங்கே சிதறிக் கிடக்கும் போன்கள் தனித்தனித் தீவுகளாக நிற்காமல் ஒரே வலையாகச் சேர, ஒவ்வொரு போனின் எட்டும் தூரத்துக்குள்ளும் சராசரியாக நாலரைப் போன்களாவது இருக்க வேண்டும் என்கிறது கணிதம். 30 மீட்டர் வட்டத்துக்கு இதைப் போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய பதினைந்தரை சென்ட் நிலத்துக்கு ஒரு போன். ஒரு சதுர கிலோமீட்டருக்கு சுமார் 1,600. எட்டும் தூரத்தை 100 மீட்டராக உயர்த்தினால் அதே பரப்புக்கு 150-க்கும் குறைவாகவே போதும். தூரம் மூன்று மடங்குக்குச் சற்று மேல் கூடியதற்கு, தேவையான போன் பதினோரு மடங்கு குறைந்துவிட்டது. ஆகவே ஊர் முழுக்க அலைந்து ஆளுக்கொரு செயலி போடச் சொல்லிக் கெஞ்சுவதைவிட, இருக்கிற போன்களின் எட்டும் தூரத்தைக் கூட்டுவதில்தான் உங்கள் உழைப்பு போக வேண்டும்.

இன்னொரு கணக்கு. ஒரு தாவலில் நூற்றுக்குத் தொண்ணூறு செய்தி போய்ச் சேர்கிறது. நல்ல எண்ணிக்கைதான். ஏழு தாவலுக்கு? 0.9-ஐ ஏழு முறை பெருக்கினால் 0.48. பாதிக்கு மேல் வழியில் தொலைகிறது. இடையில் உள்ள ஆறு இடங்களிலும் ஒரு போனுக்குப் பதில் இரண்டு வைத்து, இரண்டும் முந்தைய இடத்தின் இரண்டையும் கேட்கும்படி அமைத்தால், தடங்கல்கள் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாதவை என்று கொண்டால், சேர்வது நூற்றுக்கு 97 ஆகிறது. ஆறு பழைய போனுக்கு இவ்வளவு பலன்.

போன் கூடக்கூட நல்லதுதான் என்ற முடிவுக்கும் வந்துவிடாதீர்கள். பியூஷ் குப்தாவும், சென்னை ஐஐடியில் படித்த பி. ஆர். குமாரும் 2000-ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையின் உற்சாகத்தைக் கொஞ்சம் அடக்கியது. எல்லாரும் ஒரே காற்றில் பேசுவதால், போன்களின் எண்ணிக்கை நான்கு மடங்கானால் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் பங்கு பாதிக்கும் கீழே இறங்கும் என்று அவர்கள் காட்டினார்கள். அடுத்த ஆண்டே எம்ஐடி குழு ஒன்று வைஃபை சங்கிலியைப் பரிசோதித்தது. நீளமான சங்கிலியில் எல்லாம் சரியாக நடந்தாலே நேர் இணைப்பின் கால்வாசி வேகம்தான் கிடைக்கும். அவர்களுடைய கணினி மாதிரியில் ஏழில் ஒரு பங்கே கிடைத்தது. போட்டோ, வாய்ஸ் மெசேஜ், வீடியோ கால் எல்லாவற்றையும் இப்போதே மறந்துவிடலாம். எழுத்து மட்டும்.

மேலூரும் தேனியும்

கம்பியில்லாமல் தாவித் தாவிச் செய்தி போவது மதுரை வட்டாரத்துக்குப் புதிதல்ல. 2001-ல் மேலூர் வட்டாரக் கிராமங்களில் ‘சாரி’ என்ற திட்டம் இணைய மையங்களைத் திறந்தது. சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் தொழில்நுட்பம் அதற்கு அடிப்படை. கோபுரத்திலிருந்து 10 கிலோமீட்டர் நேராக எட்டும். நடுவில் ஒரு கடத்தி நிலையம் வைத்தால் 25 கிலோமீட்டர். வேகம் 35 அல்லது 70 கிலோபிட். இன்று கேட்டால் சிரிப்பு வரும். அன்று அதன் வழியாகக் கண்ணின் படத்தை அரவிந்த் மருத்துவமனைக்கு அனுப்பி டாக்டரிடம் கருத்துக் கேட்டார்கள்.

சில ஆண்டுகள் கழித்து அதே அரவிந்த் தன் தேனி மருத்துவமனையைச் சுற்றியுள்ள கண் பரிசோதனை மையங்களைச் சாதாரண வைஃபை கொண்டு இணைத்தது. 2006 வாக்கில் ஐந்து ஊர்களில் நோயாளி உட்கார்ந்த இடத்திலிருந்தே தேனி டாக்டரை வீடியோவில் பார்த்துப் பேசினார். பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வுக் குழு உடன் நின்றது. வைஃபை ஒவ்வொரு துணுக்குக்கும் ‘வந்தது’ என்ற பதிலை எதிர்பார்க்கும். கிலோமீட்டர் கணக்கில் தூரம் போனால் பதில் வருவதற்குள் பொறுமையிழந்து மறுபடி அனுப்பத் தொடங்கிவிடும். அவர்கள் அந்த வழக்கத்தை மாற்றி, இரு முனைகளும் முறை வைத்துப் பேசும்படி செய்தார்கள்.

இந்த இரண்டிலுமே தாவல்கள் குறைவு, ஒவ்வொன்றும் நீளம், முனைகள் உயரத்தில். அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் இருந்தார். போன் வலை போடுகிறவர்கள் செய்யும் முதல் தவறு இதற்கு நேர் எதிராக, குட்டைத் தாவல்களை ஆயிரக்கணக்கில் அடுக்கலாம் என்று கனவு காண்பது.

எந்தச் செயலி

2014-ல் ஹாங்காங் போராட்டத்தில் ஃபயர்சாட் பேர் வாங்கியது. இன்று அது இல்லை. 2019-ல் அதே ஊரில் பிரிட்ஜ்ஃபை பரவியது. மறுவருடம் லண்டன் ராயல் ஹாலோவே ஆய்வாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்து, யார் யாரோடு பேசுகிறார்கள் என்று பின்தொடரலாம், செய்தியைப் படிக்கலாம், ஒரே ஒரு விஷமச் செய்தியால் வலை முழுவதையும் படுக்க வைக்கலாம் என்று காட்டினார்கள். 2025 ஜூலையில் ஜாக் டோர்சி பிட்சாட்டை வெளியிட்டார். வெளியார் யாரும் பாதுகாப்பைச் சோதித்துப் பார்க்கவில்லை என்ற எச்சரிக்கை பிறகு அதன் திட்டப் பக்கத்தில் சேர்க்கப்பட்டது. அந்த செப்டம்பரில் நேபாளத்தில் சமூக ஊடகங்களை முடக்கியபோது ஏராளமானோர் அதை இறக்கிக்கொண்டார்கள். பிரையர் என்று இன்னொன்று உண்டு, நன்றாகக் கட்டப்பட்டது. ஆனால் 2023 மே மாதம் மத்திய அரசு தடைசெய்த 14 செயலிகளில் அதுவும் ஒன்று என்பதால் இந்தப் புத்தகத்தில் அதற்கு இடமில்லை.

வைஃபை டைரக்ட் வேகமானது, தூரமும் கூடுதல். ஆனால் அதில் ஒரு போன் தலைவனாகவும் மற்றவை அதைச் சுற்றியும் நிற்கும். சாதாரண ஆண்ட்ராய்டு போனை ஒரே நேரத்தில் இரண்டு குழுக்களில் சேர்ப்பது கடினம் என்பதால் குழுவிலிருந்து குழுவுக்குத் தாவ முடியாமல் சங்கிலி அறுந்துவிடும். பல தாவலுக்கு இப்போதைக்குக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் புளூடூத்தே கதி.

ஐபோன் வைத்திருப்பவர்களிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். செயலி திரையில் இருந்தால்தான் அது ஒழுங்காகக் கடத்தும். போனைப் பூட்டிப் பையில் போட்டால் ஆண்ட்ராய்டுகளின் கண்ணுக்கு அது தெரியாமல் போய்விடும். ஆண்ட்ராய்டிலும் தொந்தரவு உண்டு: பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று பின்னணியில் ஓடும் செயலியைக் கொன்றுவிடும். செட்டிங்ஸில் அந்தச் செயலியின் பேட்டரிப் பகுதிக்குப் போய் ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என்று வையுங்கள். ‘நியர்பை டிவைசஸ்’ அனுமதியும், பழைய போன் என்றால் லொகேஷன் அனுமதியும் கொடுங்கள். வலை வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பகுதி இந்த ஒரு பத்தியிலேயே தீர்ந்துவிடும்.

கீழக்குயில்குடியில் எங்கே வைப்பது

புளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் விழுங்கும். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். பாக்கெட்டில் இருக்கும் போனுக்கு முதல் தடை அதை வைத்திருப்பவர்தான். திருவிழாக் கூட்டத்தில் போன் நெருக்கம் அற்புதமாக இருக்கும், எட்டும் தூரம் சுருங்கிவிடும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் டவர் திணறும்போது இந்த வலை கைகொடுக்குமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: உங்கள் குழுவுக்குள் கொடுக்கும், கூட்டம் முழுவதும் இதில் ஏறிவிட்டால் கொடுக்காது. ஒவ்வொரு போனும் கேட்டதை எல்லாம் திருப்பிச் சொல்வதால் 200 போன் இருந்தால் ஒரு செய்திக்கு 200 ஒலிபரப்பு நடக்கலாம். நல்ல செயலி ஏற்கெனவே கேட்ட செய்தியை விட்டுவிடும். அப்படியும் இரைச்சல் கூடும்.

தரையும் தடைதான். இரண்டு போன்களுக்கு நடுவே நேர்கோடு தெளிவாக இருந்தால் மட்டும் போதாது. அந்தக் கோட்டைச் சுற்றி முட்டை வடிவில் ஓர் இடம் காலியாக இருக்க வேண்டும். 100 மீட்டர் தூரத்துக்கு நட்டநடுவில் அதன் ஆரம் ஏறக்குறைய 1.8 மீட்டர். இடுப்பு உயரத்தில் இருக்கும் போன் தாமரைக் குளத்தின் இக்கரையிலிருந்து அக்கரைக்குத் தடுமாறும். இரண்டையும் ஆளுயரத்துக்கு மேல் தூக்குங்கள், நிலைமை மாறும்.

எனவே வீட்டுக்கு வீடு மேசை டிராயரில் கிடக்கும், திரை கீறிய பழைய போன்களைச் சேகரியுங்கள். சிம் வேண்டாம். பவர் பேங்கோடு சேர்த்து மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில், நிழலில் வையுங்கள். வெயில் படும் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்தால் மதுரை சித்திரை வெயிலில் பேட்டரி உப்பிவிடும். இரும்புப் பெட்டியிலோ தகரக் கூரைக்கு அடியிலோ வைப்பது வீண். ஊர்த் தெருவுக்கு இப்படி நாலைந்து இடங்களில் இரண்டிரண்டாக நிற்கட்டும். அடுத்த கண்ணி குளக்கரையில், அதற்கடுத்தது மலையடிவாரத்து அய்யனார் கோயில் பக்கம். கோயில் இடத்தில் எதையும் வைக்கும் முன் பூசாரியிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

கோயிலுக்கு மேலே பாறைப்படி ஏறினால் பேச்சிப்பள்ளம். தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ள இடம். அங்கிருந்து குளமும் ஊரும் கண்ணுக்கு நேரே விரியும். வலைக்கு அது தலையான இடம்; தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடமும் அதுவே. ஆணி அடிக்காதீர்கள், கயிறு கட்டாதீர்கள், பசை ஒட்டாதீர்கள். போனைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் ஆள் உட்கார்ந்தால் போதும். படி திரும்பும் இடத்தில் இன்னொருவர். மலையின் மறுபக்கம் உள்ள செட்டிப்புடவுக் குகைக்கு மட்டும் இந்த வழி உதவாது. நடுவில் நிற்கிற பாறையைப் புளூடூத் துளைக்காது. மலையைச் சுற்றிப் போன்களை அடுக்கிப் பார்க்கலாம் என்று தோன்றும். ஏழு தாவல் வரம்பு பாதி வழியிலேயே முடிந்துவிடும்.

அங்கேதான் கால் வேலை செய்கிறது. செட்டிப்புடவுப் பக்கம் போகிற ஒருவருடைய போன் இங்கே செய்திகளை வாங்கி வைத்துக்கொண்டு, அங்கே போனதும் கொடுத்துவிட்டு, அங்குள்ளதை வாங்கிவரும். இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தவர்கள் உண்டு. 2000-களின் தொடக்கத்தில் கர்நாடகத்தின் தொட்டபள்ளாபுராவில் டாக்நெட் என்ற முயற்சியில், பஸ்ஸில் வைஃபை பெட்டியைக் கட்டி, அது கிராமத்தில் நிற்கும்போதெல்லாம் அங்குள்ள கணினியோடு தகவலைக் கைமாற்றிக்கொள்ள வைத்தார்கள். சைக்கிளில் வரும் ஒரு பையன் நூறு நின்ற போன்கள் செய்ய முடியாததைச் செய்வான். அவனுக்கு வழியும் நேரமும் குறித்துக் கொடுங்கள், அவன் போகிற இடமெல்லாம் இரண்டு நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். போன்கள் ஒன்றையொன்று கண்டுபிடித்துச் செய்தி மாற்றிக்கொள்ள அவகாசம் வேண்டும்.

கொஞ்சம் பணம் புரட்ட முடிந்தால் நான் வேறொன்றைச் சொல்வேன். மெஷ்டாஸ்டிக் என்ற இலவச மென்பொருள் ஓடும் லோரா ரேடியோக்கள் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன. போன் புளூடூத்தில் அதோடு பேசும், அது அடுத்த லோராவோடு பேசும். நேர்பார்வை இருந்தால் கிலோமீட்டர் கணக்கில் எட்டும். வேகம் மிகக் குறைவு, எழுத்துக்கு அது போதும். மலைமேல் ஒருவர் கையில் ஒன்று, ஊரில் ஒன்று, செட்டிப்புடவுப் பக்கம் ஒன்று என்று இருந்தால் முன் பத்தியில் பட்ட பாடு பெரும்பாலும் தேவையில்லை. வாங்கும்போது 865–867 மெகாஹெர்ட்ஸில் ஓடுமா, இந்திய அங்கீகாரம் உள்ளதா என்று பாருங்கள். லைசென்ஸ் இல்லாமல் இங்கே அனுமதிக்கப்பட்ட அலைவரிசை அது. அமெரிக்காவுக்கான 915 கருவி விலை மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். புளூடூத்தும் வைஃபையும் ஓடும் 2.4-க்கு 2005 முதலே லைசென்ஸ் தேவையில்லை. வெளி ஆன்டெனா மாட்டி வீரியத்தைக் கூட்டுவதற்கு மட்டும் 4 வாட் என்ற வரம்பு உண்டு.

என்ன எழுதுவது

‘கீழக்குயில்குடி’ என்ற ஊர்ப்பெயர் மட்டும் போனுக்குள் 45 பைட். பழைய வகைப் புளூடூத் அறிவிப்புத் துணுக்கில் மொத்த இடமே 31 பைட். ஊர்ப்பெயரே அதில் கொள்ளாது. செயலிகள் துண்டு துண்டாக வெட்டி அனுப்பி ஒட்டிக்கொள்கின்றன. ஒரு துண்டு தொலைந்தால் முழுச் செய்தியும் போச்சு. ஆகவே இடங்களுக்கு முன்கூட்டியே எண் கொடுங்கள். குளம் 1, கோயில் 2, பேச்சிப்பள்ளம் 3, செட்டிப்புடவு 4. செய்தியில் வரிசை எண், இடம், நேரம், தேவை. ‘12. 3-ல் 4.10. ஒருத்தர் வழுக்கி விழுந்தார், ஸ்ட்ரெச்சர்.’ நேரத்தைக் கையால் எழுதுவது அவசியம். காத்திருந்து கடந்து வரும் செய்திகள் வரிசை மாறித்தான் வரும். நேற்றைய உதவிக் கோரிக்கைக்கு இன்று ஆள் ஓடக்கூடாது. பெறுபவர் ‘12 வந்தது’ என்று பதில் போடும்வரை அனுப்பியவர் அது போனதாக எண்ணக் கூடாது.

பொதுச் சானலில் எழுதுவது தெருவில் சத்தம் போட்டுச் சொல்வதற்குச் சமம். யாரும் படிக்கலாம். யார் பெயரிலும் யாரும் எழுதலாம், அது இன்னும் மோசம். குழுவினர் தினமும் மாற்றும் ஒரு சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல் இல்லாமல் வரும் ‘கண்மாய் உடைந்தது’ போன்ற செய்தியை நேரில் ஆள் போய்ப் பார்க்காமல் கடத்த வேண்டாம். நோயாளியின் பெயர், நகை, பணம் பற்றி எதுவும் எழுதக்கூடாது.

ஒத்திகை

டவர் இல்லாத இடம் தேட வேண்டியதில்லை. எல்லாப் போனையும் ஏரோப்பிளேன் மோடில் போட்டு, புளூடூத்தை மட்டும் மறுபடி ஆன் செய்யுங்கள். முதலில் இரண்டே பேர். ஒருவர் நிற்க, மற்றவர் பத்தடிக்குப் பத்தடி விலகி, ஒவ்வொரு இடத்திலும் 20 எண்ணிட்ட செய்திகள் அனுப்பட்டும். அவற்றில் குறைந்தது 18 போய்ச் சேருகிற கடைசித் தூரம் எதுவோ அதுதான் உங்கள் தாவல். போன் விளம்பரத்தில் போட்டிருக்கும் தூரம் அல்ல. தெருவில் ஒன்று, குளக்கரையில் ஒன்று, ஆலமரத்தடியில் ஒன்று, படியில் ஒன்று என்று நான்கு இடத்திலும் தனித்தனியாக அளக்க வேண்டும். எண்கள் பெரிதாக வேறுபடும். பாக்கெட்டில் வைத்து ஒரு முறை, தலைக்கு மேல் பிடித்து ஒரு முறை.

பிறகு மூன்று பேராக, நடுவில் இருப்பவர் கடத்துகிறாரா என்று பாருங்கள். முனையில் இருக்கும் இருவரும் நேராகவே கேட்டுக்கொண்டிருக்கலாம். நடுப்போனை அணைத்தால் செய்தி நிற்கிறதா என்பதுதான் சோதனை. இதைச் செய்யாமலே ‘மெஷ் ஓடுகிறது’ என்று கைதட்டும் குழுக்கள் உண்டு. அது சரியாக வந்தபின் ஊர் முழுக்க வையுங்கள், வைத்தபின் வேண்டுமென்றே ஒரு மாடிப் போனை அணைத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் ஈர இலை அடர்ந்தபின் ஒரு முறை, திருவிழாக் கூட்டத்தில் ஒரு முறை அளவெடுத்துத் தூரங்களைத் தாளில் வரைபடமாக்கிக் குழுவினர் எல்லாரிடமும் ஒரு நகல் கொடுங்கள்.

செயலியின் நிறுவல் கோப்பை இரண்டு மூன்று போன்களில் சேமித்து வையுங்கள். நெட் போனபின் பிளே ஸ்டோர் திறக்காது. ஆண்ட்ராய்டுக்காரர்களுக்குப் புளூடூத்திலேயே அந்தக் கோப்பை அனுப்பி ஏற்றிக்கொடுக்கலாம். அதிகாரப்பூர்வ இடத்திலிருந்து இறக்கியதை மட்டுமே கொடுங்கள். ஐபோன்காரர்களுக்கு இந்த வழி கிடையாது, அவர்கள் புயல் எச்சரிக்கை வரும்போதே இறக்கி, ஒரு முறை திறந்து, அனுமதிகளைக் கொடுத்து வைத்திருந்தால்தான் உண்டு.